நான்கு நிமிட எண்ணெய்

அத்தியாயம் 11

போன வாரம் கருணாகரன் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்து போனதைப் படித்த பிறகு, உங்களில் பாதிப் பேர் அவனைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். திட்டுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை. இருபத்தொன்பது வயதில் பொம்மைப் படகு கட்டிக்கொண்டு திரிகிறவன் திட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனாலும் அண்ணன் கலியாணசுந்தரம் அன்று சொன்னது, சோற்றை வாயில் வைத்துக்கொண்டு கேட்கிற வார்த்தை இல்லை.

"உன் கல்யாணம் நடக்கணும்னா, மொதல்ல சேதுபதியோட காரியம் நடக்கணும்."

சேதுபதி அந்த வீட்டின் நடுப்பிள்ளை. நாற்பத்து மூன்றாம் வருஷம், சயாமுக்கு ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஜப்பான்காரன் லோரியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஏறிப் போனவன். அதற்குப் பிறகு ஒரு கடிதமில்லை, ஒரு செய்தியில்லை. சண்டை முடிந்து, பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பிப் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் தகவலே இல்லாதவனை இறந்தவனாக வைத்து, தர்ப்பையில் உருவம் செய்து எரித்துவிடலாம் என்று கோயில் ஐயரும் சொல்லிவிட்டார். நாளைத் திங்கட்கிழமை காலை, உஜோங் பாசிர் கடற்கரையில்.

இத்தனை அவசரம் எதற்கு? ஆடி முடிந்துவிட்டது, கருணாகரனுக்கு நிச்சயம் செய்திருக்கும் மல்லிகாவின் தாயார் பூங்காவனம் புக்கிட் காதிலிலிருந்து கிளம்பி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நாசூக்காகத்தான் கேட்டாள். "உங்க நடு மருமக மணவறைகிட்ட நிக்கும்போது பொட்டோட நிப்பாங்களா, இல்லாமலா? நாங்க தெரிஞ்சுக்கணும் இல்லையா?"

அந்த நடு மருமகள்தான் சாரதாம்பாள். இந்த வாரம் முழுக்க நாம் அவளோடுதான் இருக்கப் போகிறோம்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. பதினெட்டில் கல்யாணம். சேதுபதியோடு குடும்பம் நடத்தியது ஐந்தே மாதம். அந்த ஐந்து மாதத்தில் அவன் அவளிடம் பேசியதையெல்லாம் கூட்டினால் நூறு வார்த்தை தேறாது. இன்றைக்கு அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பதினோரு பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். பூ வைத்துக்கொள்கிறாள். காய்கறி வாங்கப் பாசாருக்குத் தனியாகப் போய்த் தனியாக வருகிறாள். அவர்கள் குடியிருக்கும் காஜா பேராங்கில் எந்த வளைகாப்பு வீட்டிலும் அவளுக்கும் ஒரு பாய் உண்டு.

கணவன் இறந்தான் என்று ஆகிவிட்டால் நாளைக்கே இதெல்லாம் போய்விடும். கணவன் திரும்பி வந்துவிட்டாலும் போய்விடும். இதை யாரிடம் சொல்லிக்கொள்வது? இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத புருஷன்தான் அவளுக்கு வாய்த்த நிம்மதி. அந்த நிம்மதிக்கு இன்று மாலை விளக்கு வைக்கும் நேரம் வரைதான் ஆயுசு.

காலையில் கலியாணசுந்தரம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். துறைமுக ஆபீசில் கிளார்க்கு. குரலை உயர்த்தியே அறியாதவர். எதிர்த்துப் பேசுவதற்கு அதைவிடக் கஷ்டமான ஆள் கிடையாது.

"பசியாறிட்டியாம்மா?"

"ஆச்சு, பெரியத்தான்."

"நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சரின்னு சொன்னாத்தான் ஐயருக்கு ஆள் அனுப்புவேன். அவன் ஆத்மா அலையக் கூடாது பாரு, அதுக்குத்தான்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். யோசிக்க என்ன இருந்தது? இரண்டு கதவு, இரண்டுமே அவளுக்கு வேண்டாதவை.

அப்போதுதான் பின்வாசல் வழியாகக் கருணாகரன் வந்தான். மூன்று நாளாக நண்பன் யூசுப்பின் ரேடியோ ரிப்பேர் கடையில் படுத்திருந்தவன். இவனுக்கும் அங்கேதான் வேலை. கையில் சாரோங் துணியில் சுற்றிய படகு.

"அண்ணி, யூசுப்புக்குக் காய்ச்சல். கடியாரம் பிடிக்க ஆளில்ல. இன்னிக்கு விட்டா இனிமே ஞாயித்துக்கிழமை இல்ல. நீங்க வாங்களேன்."

விஷயம் இதுதான். இன்னும் இரண்டு வாரத்தில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் வளைவு கட்டிக் கொடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். விழாவுக்காக நடக்கிற போட்டிகளில் வருகிற சனிக்கிழமை நடக்கும் ரேடியோப் படகுப் பந்தயமும் ஒன்று. ராணுவ முகாமிலிருந்து ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட் வருகிறான். அவனுடைய படகு சீமையிலிருந்து பெட்டியில் வந்தது. எண்பது கஜத்தைப் பதின்மூன்று விநாடியில் கடக்கிறது. கருணாகரனின் படகு அவன் கையாலேயே மெல்லிய பலகையில் செய்தது. அது பதினாறு விநாடி எடுத்துக்கொண்டது. அந்த மூன்று விநாடிக்காக இந்த மூன்று மாதம் அவன் தூங்கவில்லை.

இதில் சாரதாம்பாளுக்குப் பங்கில்லை என்று நினைக்காதீர்கள். போன மாதம் படகு ஓடுவதை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, "இதுக்குத் தலை கனமா இருக்கு கருணா, மூக்கைத் தண்ணியில குத்திக்கிட்டே போவுது" என்று சொன்னவள் அவள்தான். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துப் பழகியவளுக்கு எடை எங்கே உட்காருகிறது என்று தெரியாதா? பேட்டரியை மூன்று அங்குலம் பின்னுக்குத் தள்ளினான். ஒரு விநாடி குறைந்தது.

ஐயரின் பட்டியலும் பூங்காவனத்தின் கேள்வியும் சுற்றிச் சுற்றி வருகிற வீட்டிலிருந்து ஒரு பகல் தப்பித்தால் போதுமென்று இருந்தது. "இரு, புடவை மாத்திக்கிட்டு வர்றேன்" என்றாள். அவள் உள்ளே போய்விட்டு வருவதற்குள், அவன் சாமி அலமாரிப் பக்கம் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். அவள் கேட்கவில்லை.

புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் சாரோங் மூட்டையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். எதிர் இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மாள் எட்டிப் பார்த்து, குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். கருணாகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று மாதம் என்றான். சாரதாம்பாளும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புக்கிட் ரம்பாயில் இறங்கி உள்ளே அரை மைல் நடந்தால் கைவிட்ட செங்கல் சூளை ஒன்று வரும். மண் தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று பெரிய குளமாகியிருந்தது. சிவந்த தண்ணீர். ஆழம் யாருக்கும் தெரியாது. மணி பன்னிரண்டாக இருந்தது.

"உச்சி நேரத்துல தண்ணிப் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்வாங்க" என்றாள் சாரதாம்பாள்.

"பந்தயம் உச்சி நேரத்துலதான் அண்ணி. வெயில்ல ஈத்தர் ஆவியாப் போயிடும், இஞ்சின் வேற மாதிரி ஓடும். காத்தால ஓட்டிப் பாத்து என்ன புண்ணியம்?"

அந்த ஈத்தர்தான் பற்றிக்கொள்கிற சரக்கு. ஈத்தர் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு, இஞ்சின் தேயாமல் இருக்க விளக்கெண்ணெய் ஒரு பங்கு. மூன்றையும் குலுக்கிக் கட்டைவிரல் பருமன் தொட்டியில் ஊற்றினால் நான்கு நிமிஷம் ஓடும். அதற்கு மேல் ஒரு மூச்சு கூட ஓடாது. கரையில் நிற்கிறவன் கையில் இருப்பது ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரே பொத்தான். அழுத்தினால் படகு வலது பக்கம் திரும்பும், விட்டால் நேரே போகும், மறுபடி அழுத்தினால் இடது. வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ பொத்தான் கிடையாது. வேகமெல்லாம் கரையிலேயே செய்து அனுப்ப வேண்டியது.

அதைத்தான் அவன் செய்தான். மிச்சமிருந்த பழைய எண்ணெயில் ஒரு தடவை ஓட்டினான். பதினைந்து விநாடி. படகைத் தள்ளும் விசிறியின் இரண்டு இதழ்களையும் இடுக்கியால் இன்னும் கொஞ்சம் முறுக்கினான். பதினாலரை. விசிறித் தண்டு சாய்ந்து நின்று தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது என்று சொல்லி, இஞ்சினுக்கு அடியில் ஒரு சில்லு மரம் கொடுத்துத் தண்டைப் படுக்கப் போட்டான். பதினாலு. படகின் அடிவயிற்றை மெழுகு போட்டுத் தேய்த்தான். அதே பதினாலு. பழைய எண்ணெய் தீர்ந்துவிட்டது.

"இப்பப் புதுசா கலந்தது" என்று பையிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்து ஊற்றினான். "நீங்க அந்தக் கரைக்குப் போயிடுங்க அண்ணி. நான் துண்டை இறக்கினதும் கடியாரத்தை அழுத்துங்க."

எதிர்க்கரையில் ஒரு மூங்கில் குச்சி நட்டு அதில் கைக்குட்டை கட்டியிருந்தது. அதுதான் முடிவுக் கோடு. சாரதாம்பாள் குளத்தைச் சுற்றிக்கொண்டு அங்கே போய் நின்றாள். காற்றே இல்லை. கைக்குட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வரும்போது கத்திக்கொண்டிருந்த பறவைகளும் எங்கேயோ போய்விட்டன.

துண்டு இறங்கியது. அவள் கடிகாரத்தை அழுத்தினாள்.

படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிற்று. இதுவரை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது, இப்போது தண்ணீரின் மேலேயே ஓடி வந்தது. கைக்குட்டையைத் தாண்டியபோது அவள் விரல் தன்னாலே அழுத்திற்று. பதினொன்று.

"பதினொண்ணு, கருணா" என்று கத்தினாள். எதிர்க்கரையில் அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவது தெரிந்தது. சார்ஜெண்டை இரண்டு விநாடியில் அடித்தாயிற்று. மூன்று மாதத் தூக்கம் அவனுக்குத் திரும்பக் கிடைத்த மாதிரிதான்.

அவளுக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் மூக்குக்கு ஒரு வாசனை எட்டுகிற வரை இருந்தது.

படகு விட்டுப் போன புகையில் சூட வாசனை.

அவளுக்கு அந்த வாசனை தெரியும். ஊரிலேயே அவள் ஒருத்தி வீட்டில்தான் விளக்கெண்ணெயில் சூடத்தைப் பொடித்துப் போட்டு விளக்கேற்றுவது. சாமி அலமாரியில் இருக்கும் பித்தளைச் செம்பில் அந்த எண்ணெய் தனியாக இருக்கும். சேதுபதிக்காக ஏற்றுகிற விளக்கு அது. மாமியார் உயிரோடு இருந்தபோது ஏற்றச் சொன்னது.

"கருணா, எண்ணெய் எங்க எடுத்த?"

"மருந்துக்கடையில ஸ்டாக் இல்ல அண்ணி. சாமி அலமாரியில இருந்துது, அரைச் செம்பு எடுத்துக்கிட்டேன். எண்ணெய் எண்ணெய்தானே?" குளத்தின் மேல் அவன் குரல் தெளிவாக வந்தது.

எண்ணெய் எண்ணெய்தானே என்று கேட்கிற ஆண்பிள்ளைகளை என்ன செய்வது? ஆனால் சாரதாம்பாளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. விளக்கு அசுத்தமாகிவிட்டதே என்பதனால் அல்ல. அந்த விளக்கின் முன் நின்று அவள் என்ன வேண்டிக்கொள்வாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் இரண்டு மூன்று வருஷம் மாமியார் சொல்லிக் கொடுத்தபடியே வேண்டினாள்: அவர் நல்லபடியாக வரணும். அப்புறம் பக்கத்துத் தெரு ஜெயபாலன் சயாமிலிருந்து திரும்பி வந்தான். பகலில் நல்ல மனிதன். தெருவில் லோரிச் சத்தம் கேட்டால் போதும், மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். இழுக்க வந்தவர்களை அடிப்பான். அவன் மனைவியின் கையில் எப்போதும் நீலமாக ஒரு கன்றல் இருந்தது. அவளோடு ஒரு நாள் குழாயடியில் நின்று பேசிவிட்டு வந்த மாலை, சாரதாம்பாள் விளக்கேற்றிக் கண்ணை மூடினாள். வேறு ஒரு வார்த்தை தானாக வந்தது. அன்றிலிருந்து தினமும் அதுதான். சில நாள் உதடு கூட அசையும்.

வந்துடாதீங்க.

கோட்டைத் தாண்டி வளைந்து போன படகு குளத்தின் நடுவில் இருந்தது. கருணாகரன் அதைத் தன் பக்கம் திருப்பப் பொத்தானை அழுத்துவது தெரிந்தது. படகு திரும்பிற்று. அவன் பக்கம் அல்ல. நேரே சாரதாம்பாளைப் பார்த்து வந்தது.

இரண்டு முழத் தூரத்தில் சட்டென்று வளைந்தது. வளைந்து, ஒரு சின்ன வட்டம் போட்டது. மறுபடி வட்டம். அவளுக்கு முன்னால், கரைக்கு வெகு கிட்டத்தில், இஞ்சின் வீறிட்டுக்கொண்டே சுற்றியது. அலை அவள் கால் விரலைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று.

"சுக்கான் மாட்டிக்கிச்சு அண்ணி" என்று அங்கிருந்து கத்தினான். "பயப்படாதீங்க. தொட்டி தீந்ததும் நின்னுடும்."

நியாயமான பேச்சு. சுக்கான் ஒரு பக்கமாக மாட்டிக்கொண்டால் படகு வட்டம்தான் போடும். அவள் அதை நம்பிக்கொண்டு, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று ஒரு பத்தடி தள்ளிப் போய் நின்றாள்.

வட்டமும் பத்தடி தள்ளி வந்தது.

இன்னும் இருபதடி நடந்தாள். நடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் கூடவே வந்தது. நின்றாள். சூட வாசனை அவளைச் சுற்றி நின்றது.

கருணாகரன் குளத்தைச் சுற்றி ஓடி வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கிற்று. கையிலிருந்த தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கித் தரையில் போட்டான். இனி இந்தப் பெட்டியிலிருந்து படகுக்கு ஒன்றும் போகாது. படகு சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"காத்து தள்ளுது போலிருக்கு" என்றான்.

தூரத்தில் மூங்கில் குச்சியில் கைக்குட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். 

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டான் கொஞ்சம் கழித்து.

அவள் கையில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விநாடி குறிக்க அழுத்திய பிறகு, தன்னையறியாமல் மறுபடியும் ஓடவிட்டிருந்தாள். பார்த்தாள். ஏழு நிமிஷம்.

"ஏழு."

"இருக்காது. நாலுக்கு மேல தாங்காது அண்ணி. நான்தானே தொட்டி செஞ்சேன்."

எட்டு ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. கருணாகரன் ரேடியோவைப் பிரித்தால் எந்த வால்வு போயிருக்கிறது என்று முகர்ந்தே சொல்லிவிடுகிறவன். இப்போது சின்னப் பையனைப் போல அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்ததே அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

சாரதாம்பாளுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் கரையோரமாகத்தான் ஓட வேண்டும், அதுவும் கூடவே வரும். பதினொரு நிமிஷம் ஆனபோது அவள் தண்ணீரைப் பார்த்துக் குனிந்தாள். இத்தனை வருஷம் விளக்கிடம் சொன்னதை இப்போது வாய்விட்டுச் சொன்னாள்.

"வர வேண்டாம்னுதான் வேண்டிக்கிட்டேன். நெசந்தான். நான்தான் வேண்டிக்கிட்டேன்."

இஞ்சின் நின்றது.

அவ்வளவு நேரம் சத்தத்தில் கிடந்த காதுக்கு அந்த அமைதி வலித்தது. படகு மெல்ல வந்து கரை மண்ணில் மூக்கை வைத்தது. இருவரில் யாரும் உடனே தொடவில்லை. பிறகு கருணாகரன் குனிந்து எடுத்தான். இஞ்சின் சூட்டைக் கை தாங்காது என்று துண்டைச் சுற்றிப் பிடித்தான். உடனே துண்டை எடுத்துவிட்டு வெறுங்கையை வைத்தான். சூடே இல்லை.

தொட்டியின் மூடியைத் திருகி உள்ளங்கையில் கவிழ்த்தான். காலியாக இருக்க வேண்டிய தொட்டியிலிருந்து எண்ணெய் வந்தது. கை நிறைந்து மணிக்கட்டு வழியாக வழிந்தது. தேன் நிறத்தில், கெட்டியாக. அவன் முகர்ந்து பார்த்தான். அவளிடமும் நீட்டினான். ஈத்தர் வாசனை இல்லை. மண்ணெண்ணெய் வாசனை இல்லை. விளக்கில் ஊற்றுகிற வெறும் எண்ணெய்.

"இதுல இஞ்சின் ஓடாது அண்ணி" என்றான் மெதுவாக. "ஒரு சுத்துகூட ஓடாது."

திரும்புகிற பஸ்ஸில் படகு அவன் மடியில் இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி தாண்டிற்று. பிறகு அவன் முன்னால் பார்த்தபடியே, "இஞ்சின் போட்ட சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல அண்ணி" என்றான்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவன் பிடி இறுகியதை அவள் முழங்கை அறியும். பொய் சொல்லத் தெரியாத குடும்பம் அது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், காஜா பேராங் வரும் வரை அழுதாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளை அழவிட்டான்.

அழுது முடித்தபோது அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. ஒருவனை வராதே என்று பன்னிரண்டு வருஷம் கதவைச் சாத்திவைத்துவிட்டு, வரவில்லை பார் என்று அவனுக்குக் கொள்ளி வைக்க முடியாது. பயம் போய்விடவில்லை. ஜெயபாலன் மனைவியின் கையும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் இதைச் செய்யாமல் அவள் இனி எந்த விளக்கையும் ஏற்ற முடியாது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. கலியாணசுந்தரம் கூடத்தில் உட்கார்ந்து ஐயர் சொன்ன சாமான்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். தர்ப்பை நான்கு கட்டு, எள், பச்சரிசி, மண் சட்டி. வேஷ்டி ஒன்று என்று எழுதி, பக்கத்தில் சேதுபதியின் உயரத்தை அடிக்கணக்கில் குறித்திருந்தார். பொம்மை அந்த உயரத்துக்கு இருக்க வேண்டுமாம்.

"வா சாரதா. எங்கம்மா போயிட்டே, வெயில்ல? கருணாவும் வந்துட்டானா? நல்லது." பேனாவை மூடி வைத்தார். "ஐயருக்கு ஆள் அனுப்பிடட்டுமா?"

கருணாகரன் படகோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"நாளைக்கு வேண்டாம், பெரியத்தான்" என்றாள் சாரதாம்பாள்.

அவர் கோபப்படவில்லை. எதிர்பார்த்தவர் போலத் தலையை ஆட்டினார். "பூங்காவனம் அம்மா கேக்கிற நியாயமும் இருக்கில்லையா? கருணாவோட வாழ்க்கை இது."

"எனக்குக் கல்யாணம் அடுத்த மாசம் நடந்தா என்ன, தையில நடந்தா என்ன?" என்றான் கருணாகரன் வாசலிலிருந்து. அண்ணன் எதிரில் அவன் இப்படிப் பேசியதே இல்லை.

"நீ சும்மா இரு. சாரதா, எத்தனை நாள்மா இப்படியே? செத்துப்போனவன் அவன். நீ ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும் செத்துப்போனவன். மூணு மாசமா இதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"இருக்கலாம். நான் வேண்டாம்னு சொல்லல. ஒரு மண்டலம் குடுங்க. நாப்பத்தெட்டு நாள். அதுக்கப்புறம் நீங்க எது சொன்னாலும் செய்யுறேன், தாலிய நானே கழட்டித் தர்றேன்."

"நாப்பத்தெட்டு நாள்ல என்ன பண்ணப் போற?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். 

"அவரை நான் இதுவரைக்கும் மனசாரக் கூப்பிட்டதே இல்ல, பெரியத்தான். தினம் விளக்கேத்தினேன், ஆனா கூப்பிடல. இந்த ஒரு மண்டலம் கூப்பிடப் போறேன். கோயிலுக்குப் போய், எல்லாருக்கும் தெரியற மாதிரி. பேப்பர்ல போடச் சொல்றேன். சயாம்லேருந்து வந்த ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்க் கேக்கப் போறேன். வாங்கன்னு கூப்பிட்டு, வரலைன்னாத்தான் எரிக்கணும்."

கலியாணசுந்தரம் எழுந்தார். எழுந்த வேகத்தில் தாள் கீழே விழுந்தது. அதை எடுக்காமல் வாசலுக்குப் போனார். படியில் நின்ற தம்பியை உள்ளே இழுத்துவிட்டு, தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பியபோது, துறைமுக ஆபீஸில் முப்பது வருஷம் யாரும் பார்த்திராத முகம் அவருக்கு இருந்தது.

"கூப்பிடாதேம்மா" என்றார். அந்தக் குரல் அப்போதும் உயரவில்லை, தேய்ந்துதான் போயிருந்தது. "எரிக்க வேண்டாம், விடு. நாளைக்கு வேண்டாம், எப்பவுமே வேண்டாம். பொட்டோட இரு, நான் பூங்காவனத்துக்குப் பதில் சொல்லிக்கறேன். ஆனா அவனை மட்டும் கூப்பிடாத. பேப்பர்ல போடாத."

"ஏன்?"

"கூப்பிட்டா வந்துடுவான்."

அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

சாரதாம்பாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  ஆவி வரும் என்று பயப்படுகிறவர் தெருக்கதவைச் சாத்தமாட்டார். பேப்பருக்குப் பயப்படமாட்டார்.

"எங்கேருந்து வருவாரு, பெரியத்தான்?"

அவர் தம்பியைப் பார்த்தார்.

"கருணா, நீ உள்ள போ."

கருணாகரன் போகவில்லை.